மாதவிடாய் வலிக்கு அக்குபங்சர்: வலியைக் குறைப்பது ஊசிதானா?

நிறைமதி:
மாதவிடாய் வலிக்கு அக்குபங்சரை, அதாவது உடலின் குறிப்பிட்ட புள்ளிகளில் மெல்லிய ஊசி குத்தும் சீன மரபுச் சிகிச்சையை, பரிந்துரைப்பதே ஏமாற்று வேலை என்று இங்கே ஒருவர் எழுதியிருந்தார். அந்தச் சொல்லை என்னால் ஏற்க இயலவில்லை. இபுபுரூஃபென், மெஃபனாமிக் அமிலம் போன்ற வலி மாத்திரைகள் எல்லோருக்கும் ஒத்துக்கொள்வதில்லை. இரைப்பைப் புண் உள்ளவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், அவற்றை விழுங்கினால் மூச்சிரைப்பு வருகிற ஆஸ்துமாக்காரர்கள் ஆகியோருக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது. கருத்தடை மாத்திரையும் வலியைக் குறைக்கும், ஆனால் கருத்தரிக்க விரும்புகிறவருக்கு அது உதவாது.

வயிறு மாத்திரையைத் தாங்காததால் நான் ஊசிக்குப் போனவள். உள்கணுக்காலுக்கு நான்கு விரற்கடை மேலே, எலும்பின் பின்விளிம்பை ஒட்டி ஊசி இறங்கும். சிகிச்சையாளர் அதை மெல்லத் திருகும்போது மந்தமான ஒரு கனம் பாதத்தை நோக்கிப் பரவும். சில மாதங்களில் வலி தணிந்தது. என் அனுபவம் மட்டும் போதாது என்பீர்கள். 2008-இல் வெளியான ஜெர்மானிய ஆய்வில் 201 பெண்கள் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். மூன்று மாதங்களுக்குப் பிறகு, பத்துக்கு மதிப்பிட்டதில் அக்குபங்சர் பெற்றவர்களின் சராசரி வலி 3.1 ஆகவும் பெறாதவர்களுடையது 5.4 ஆகவும் இருந்தது.

அளவுகோல்:
உங்கள் வலி குறைந்ததை நான் ஐயப்படவில்லை. அதைக் குறைத்தது எது என்பதுதான் கேள்வி. நீங்கள் சொல்லும் ஆய்வில் ஒரு குழுவுக்கு ஊசி கிடைத்தது, மற்றக் குழுவுக்குக் கிடைக்கவில்லை. யாருக்குக் கிடைத்தது என்பது எல்லோருக்கும் தெரியும். வலிக்கு மதிப்பெண் இடுகிறவரும் அதே பெண்தான். ஆகவே அந்த இடைவெளிக்குள் ஊசியின் பங்கோடு, படுத்து ஓய்வெடுத்த நேரம், பரிவாகக் கேட்ட ஒருவரின் பேச்சு, குணமாகும் என்ற எதிர்பார்ப்பு எல்லாம் கலந்திருக்கின்றன. வலி உச்சத்தில் இருக்கும் மாதத்தில்தான் மனிதர்கள் புதிய சிகிச்சையைத் தேடிப் போகிறார்கள் என்பதால், ஒன்றும் செய்யாவிட்டாலும் அடுத்த மாதம் சற்று இலேசாகத் தோன்றும்.

இவற்றைப் பிரித்தறியத்தான் போலி ஊசியை உருவாக்கினார்கள். அதன் முனை மழுங்கியிருக்கும். அழுத்தினால் தண்டு கைப்பிடிக்குள் ஏறிக்கொள்ளும், தோலைத் துளைக்காது, ஆனால் குத்தியது போன்ற உணர்வைத் தரும். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2016-ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு 42 ஆய்வுகளையும் 4,640 பெண்களையும் உள்ளடக்கியது. உண்மை ஊசியைப் போலி ஊசியோடு ஒப்பிட்ட ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டதால் அவற்றை ஒன்றாகக் கூட்டக்கூட இயலவில்லை. பலன் உண்டென்றோ இல்லையென்றோ சொல்லப் போதிய சான்று இல்லை என்பதே அதன் முடிவு.

நிறைமதி:
அதே தொகுப்பில், மாத்திரையோடு ஒப்பிட்டபோது அக்குபங்சர் குழுவில் வலி குறைவாக இருந்ததாகவும் வருகிறதே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? மேலும், போலி ஊசியும் முற்றிலும் விளைவற்றது அன்று. தோலை அழுத்தினாலும் நரம்புகள் தூண்டப்படும். 1987-இல் வெளியான ஓர் ஆய்வில் உண்மை ஊசி பெற்ற 11 பேரில் 10 பேருக்கும், போலி இடத்தில் ஊசி பெற்ற 11 பேரில் 4 பேருக்கும் முன்னேற்றம் கிடைத்தது.

அளவுகோல்:
பதினொருவரை வைத்து ஒரு மருத்துவ முறையை நிறுவ முடியாது. மாத்திரையோடு ஒப்பிட்ட அந்த வரியையும் தொகுப்பாளர்களே தரம் குறைந்த சான்று என்று குறித்திருக்கிறார்கள். எந்த இடத்தில் எப்படித் தொட்டாலும் பலன் உண்டு என்றால், புள்ளிகளின் வரைபடத்துக்கும் அதைக் கற்றுத் தேர்ந்ததாகச் சொல்கிறவருக்கும் என்ன வேலை? வாதத்தை அங்கே கொண்டுபோனால் அக்குபங்சரின் அடித்தளத்தை நீங்களே பெயர்த்தெடுக்கிறீர்கள்.

வலி மாத்திரையின் செயல்முறை நமக்குத் தெரியும். கருப்பையின் உட்சுவர் உதிரும்போது சுரக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் கருப்பைத் தசையை இறுக்குகிறது. இரத்த ஓட்டம் குறைந்து வலி பிறக்கிறது. மாத்திரை அந்தச் சுரப்பையே தடுக்கிறது. 2015-இல் 80 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், மருந்தில்லாத வெற்று மாத்திரை உண்டவர்களில் 100-க்கு 18 பேருக்கு நல்ல நிவாரணம் கிடைக்குமென்றால், இவ்வகை மாத்திரை உண்டவர்களில் 45 முதல் 53 பேருக்குக் கிடைக்கும் என்று கணக்கிட்டார்கள்.

வெண்தாமரை:
செவிலியாகப் பணிபுரிகிறேன். இருவரும் விட்டுவிட்ட ஒன்று இருக்கிறது. மேலே சொன்ன ஆய்வுகள் வேறு நோய் எதுவும் இல்லாமல் வரும் வலியைப் பற்றியவை. பல ஆண்டுகள் வலியின்றி இருந்தவருக்குப் புதிதாக வலி தொடங்கினாலோ, உதிரப்போக்குக்குப் பல நாள் முன்பே வலித்தாலோ, உடலுறவின்போதும் மலம் கழிக்கும்போதும் வலித்தாலோ, உதிரப்போக்கு மிகுந்திருந்தாலோ, அது எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உட்சுவர் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது), அடினோமயோசிஸ் (அத்திசு கருப்பைத் தசைக்குள் வளர்வது), கருப்பை நார்க்கட்டி போன்றவற்றின் அறிகுறியாக இருக்கலாம். எண்டோமெட்ரியோசிஸ் மட்டுமே கருத்தரிக்கும் வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு உண்டு. ஊசியோ மாத்திரையோ, வலியைச் சற்றே தணித்துப் பரிசோதனையைத் தள்ளிப்போடச் செய்தால், கெடுதல் அங்கேதான் நிகழ்கிறது.

மாத்திரை வேலை செய்யவில்லை என்று வருகிறவர்களில் பலர் வலி உச்சத்துக்குப் போன பிறகே அதை விழுங்குகிறார்கள். அதற்குள் புரோஸ்டாகிளாண்டின் சுரந்துவிட்டிருக்கும். உதிரப்போக்கோ வலியோ தலைகாட்டும்போதே, உணவுக்குப் பின், உரிய இடைவெளியில் தொடங்க வேண்டும். மாத்திரையே கூடாதவர்களுக்கு வெப்பம் இருக்கிறது. அடிவயிற்றில் சுமார் 39 பாகை செல்சியஸ் வெப்பம் தரும் பட்டை இபுபுரூஃபெனுக்கு நிகராக வலியைக் குறைத்ததாக 2001-இல் ஓர் ஆய்வு வெளியானது. ஊசிக்குப் போகிறவர்கள், ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசியை உங்கள் கண்முன்னே பிரிக்கச் சொல்லுங்கள். கருவுற்றிருக்க வாய்ப்பு இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அந்தக் கணுக்கால் புள்ளியைக் கருவுற்றவர்களுக்குத் தவிர்ப்பது அக்குபங்சர் மரபிலேயே உண்டு.

அளவுகோல்:
அப்படியானால் என் நிபந்தனையைச் சொல்கிறேன். ஊசி போடுகிறவர் முதல் நாளே ‘இதற்கு உறுதியான சான்று இல்லை’ என்று சொல்ல வேண்டும். மூன்று சுழற்சிகளில் மாற்றம் இல்லையென்றால் நிறுத்த வேண்டும். மருத்துவர் எழுதிய மாத்திரையைக் கைவிடச் சொல்லக் கூடாது.

நிறைமதி:
மூன்றையும் ஏற்கிறேன். ஆனால் ஒரு மருத்துவர் என்னை எதுவும் பரிசோதிக்காமல் ‘குழந்தை பிறந்தால் சரியாகிவிடும்’ என்று திருப்பி அனுப்பினாரே, அந்தப் பேச்சுக்கும் இதே கண்டிப்போடு சான்று கேளுங்கள். ஊசி போட்டவர்தான் என் வலி எந்த நாளில் தொடங்குகிறது என்று முதன்முதலில் கேட்டவர்.