ஜான் ஷஸ்டர்: மாபெரும் ஸ்கிப்பா, ஒரு வார நாயகனா?

பனிக்கல்: பனித்தரையில கல்லை வழுக்கிவிட்டு இலக்கு வட்டத்துக்குள்ள நிறுத்துற ஆட்டம் கர்லிங். அமெரிக்க கர்லிங்னு பேச்செடுத்தாலே எல்லாரும் ஷஸ்டர் பேரைத்தான் சொல்றாங்க. 2018 பியோங்சாங் ஒலிம்பிக் தங்கத்தை யாரும் மறுக்கல. அதைத் தள்ளி வெச்சுட்டுப் பாருங்க. 2010 வான்கூவர்ல 2 வெற்றி, 7 தோல்வி. 2014 சோச்சியில அதே 2-7. வான்கூவர்ல முதல் நாலு ஆட்டமும் தோத்ததும் ஸ்கிப்பையே, அதாவது அணித் தலைவரையே, வெளிய உட்கார வெச்சாங்க. அவர் இல்லாம ஆடி பிரான்ஸை ஜெயிச்சாங்க!

கடைசிக்கல்: தங்கத்தைத் தள்ளி வெச்சா யாருக்குங்க மிஞ்சும்? 2006 டூரின் வெண்கலம் எங்க போச்சு? கர்லிங்ல அமெரிக்காவோட முதல் ஒலிம்பிக் பதக்கம் அது.

பனிக்கல்: அது பீட் ஃபென்சன் அணி. ஷஸ்டர் அதுல லீட். ஒவ்வொரு எண்டிலயும் (அதாவது சுற்றுலயும்) முதல் ரெண்டு கல்லை விட்டுட்டு, மிச்ச நேரம் கல் போற வழியில பனியைத் துடைக்கத் துடைப்பம் பிடிக்கிற வேலை. எந்தக் கல் எங்க நிக்கணும்னு முடிவெடுத்தது ஃபென்சன். நான் பேசுறது ஸ்கிப் ஷஸ்டரைப் பத்தி.

கடைசிக்கல்: சரி, ஸ்கிப்பாவே பேசுவோம். சோச்சிக்கு அப்புறம் தேசியப் பயிற்சித் திட்டத்துல இவருக்கு இடமே கொடுக்கல. மனுஷன் மூலையில உட்காரல. டைலர் ஜார்ஜ், மேட் ஹாமில்டன், ஜான் லேண்ட்ஸ்டெய்னரைச் சேர்த்து தானே ஓர் அணி அமைச்சார். 2016 உலகப் போட்டியில வெண்கலம். பியோங்சாங்ல 2-4ன்னு நின்னப்போ எல்லாரும் கைகழுவிட்டாங்க. அங்கிருந்து தொடர்ச்சியா அஞ்சு வெற்றி. அரையிறுதியில கனடா, இறுதியில ஸ்வீடன். எட்டாவது எண்ட் வரும்போது 5-5. கடைசிக் கல்லால ஒரே அடியில ரெண்டு ஸ்வீடன் கல்லை வெளிய தள்ளினார்; மையத்துக்கு எதிராளி கல்லைவிடப் பக்கத்துல அமெரிக்கக் கல் அஞ்சு நின்னதால 5 புள்ளி! 10-7ல தங்கம். அந்த நேரத்துல கை நடுங்காம கல்லை விடுறதுதானே ஸ்கிப் வேலை?

நடுவீடு: அன்னிக்கு எதிர்ல நின்னது ஸ்வீடன் ஸ்கிப் நிக்லஸ் எடின். அவர் கணக்கையும் வைங்க. ஒலிம்பிக்ல 2014 வெண்கலம், 2018 வெள்ளி, 2022 தங்கம். ஸ்கிப்பா ஏழு உலகப் பட்டம், அதுல நாலு தொடர்ச்சியா. மாபெரும்னா அதுதான் அளவு. ஷஸ்டருக்கு உலகப் பட்டம் ஒண்ணுகூட இல்ல.

பனிக்கல்: அதேதான். அப்புறம் ஒரு எண்ட்ல அஞ்சு புள்ளி விழணும்னா எதிராளியும் கொஞ்சம் சொதப்பணும். அந்த அடி அருமை, இல்லேங்கல. ஆனா மேலே நீங்களே எழுதின ஒலிம்பிக் வெற்றி எல்லாம் ஒரு வாரத்துக்குள்ள வருது.

கடைசிக்கல்: நாலு வருஷம் கழிச்சு பீஜிங்லயும் அரையிறுதி வரைக்கும் வந்து நாலாவது இடம் பிடிச்சார். அதுவும் அதே வாரமா?

பனிக்கல்: பதக்கமில்லாத நாலாவது இடத்தையெல்லாம் சேர்க்க ஆரம்பிச்சா எடின் பட்டியல் எங்க போய் நிக்கும்! நல்ல ஸ்கிப், ஒத்துக்கறேன். 'மாபெரும்' வேணும்னா இன்னொரு தங்கத்தோட வரச் சொல்லுங்க.

நடுவீடு: அந்த அஞ்சு வெற்றியிலயும் துடைச்சே ஓய்ஞ்ச ஹாமில்டன், லேண்ட்ஸ்டெய்னர் பேரை ரெண்டு பேரும் ஒரு வரியோட விட்டுட்டீங்க. அவங்களுக்குத் தனி இழை போடப்போறேன்.