10,000 அடில கேம்பர் ஹீட்டர் எரிய மாட்டேங்குது, கேஸ் வர்ற ஓட்டையப் பெருசாக்கலாமா?

டென்வர்_தம்பி:
எல்லாருக்கும் வணக்கம். நாங்க டென்வர் பக்கம் இருக்கோம், போன வருஷம் கார் பின்னாடி இழுத்துட்டுப் போற ஒரு பழைய 17 அடி கேம்பர் ட்ரெய்லர் வாங்கினோம், உள்ள ப்ரொப்பேன் கேஸ்ல எரியுற ஃபர்னஸ் (ஹீட்டர்), மணிக்கு 20,000 பிடியு (வெப்ப அளவு). இதுவரைக்கும் 5000, 6000 அடி உயரத்துலதான் தங்கியிருக்கோம், அங்கெல்லாம் ஒரு தொந்தரவும் இல்ல. போன வாரம் ஆஸ்பென் மரம் மஞ்சளாகுறதப் பாக்கலாம்னு கொலராடோ மலைல இருக்குற லெட்வில் பக்கம் போனோம், ஊரே 10,000 அடிக்கு மேல இருக்கு. சாயங்காலம் போட்டப்ப எரிஞ்சுது ஆனா உள்ள உறுமுற மாதிரி சத்தம், காலைல வெளிய புகை போற மூடியப் பாத்தா கரி படிஞ்சிருக்கு. ராத்திரி 2 மணி வாக்குல சுத்தமா நின்னுடுச்சு, ஃபேன் மட்டும் ஓடிக்கிட்டே இருக்கு, ஸ்பார்க் சத்தமே வரல, வெளிய தண்ணி உறையுற குளிர், கைக்குழந்தைய போர்வைல சுத்தி கார்ல ஹீட்டர் போட்டு உக்காந்திருந்தோம். பக்கத்து சைட்ல இருந்தவர் மேல காத்து கம்மி அதனால கேஸ் ஜாஸ்தி விடணும், ஆரிஃபிஸ (பர்னருக்கு கேஸ் விடுற சின்ன ஓட்டை இருக்குற துண்டு) கழட்டி ட்ரில் போட்டு ஓட்டைய கொஞ்சம் பெருசாக்குங்கன்னு சொன்னார். செய்யலாமா? அடுத்த மாசம் அப்பா அம்மா மதுரைல இருந்து வர்றாங்க, ட்வின் லேக்ஸ் கூட்டிட்டுப் போகணும்னு இருக்கேன், அதுவும் 9200 அடி.

மலைக்காத்து:
நாங்க போர்ட்டபிள் ப்ரொப்பேன் ஹீட்டர் ஒண்ணு உள்ள வச்சுக்குவோம், சின்ன சிலிண்டர் மாட்டுறது. அதுவும் மேல போனா அணைஞ்சு அணைஞ்சு போகும், ஆக்சிஜன் சென்சார பைபாஸ் பண்ணிட்டா நிக்காம ஓடும்னு ஒரு வீடியோ பாத்தேன், நான் இன்னும் செஞ்சு பாக்கல.

நீலச்சுவாலை:
மலைக்காத்து, தயவுசெஞ்சு அத செய்யாதீங்க. அந்த வகை ஹீட்டர்ல 7000 அடிக்கு மேல அணைஞ்சு போகலாம்னு மேனுவல்லயே போட்டிருப்பான். அது எரியுறது நம்ம மூச்சு விடுற அதே காத்துலதான், புகையும் உள்ளேயேதான் விடும். ஆக்சிஜன் குறைஞ்சா அணைக்கணும்னே அந்த சென்சார வச்சிருக்கான். அத எடுத்துட்டு குடும்பத்தோட தூங்குனா கார்பன் மோனாக்ஸைடு வாசனையும் இல்லாம நிறமும் இல்லாம வரும், தூக்கத்துலயே முடிஞ்சுடும்.

தம்பி, நான் கொலராடோல வீட்டு ஃபர்னஸ் வேலை பாக்குறவன். ட்ரில்ல தொடவே தொடாதீங்க, உங்க பக்கத்து சைட்காரர் சொன்னது தலைகீழ். காத்து கம்மின்னா கேஸும் கம்மியா போகணும். கடல் மட்டத்துல 14.7 பிஎஸ்ஐ இருக்குற காத்தழுத்தம் 10,000 அடில கிட்டத்தட்ட 10தான், அதாவது அதே ஃபேன் அதே அளவு காத்த தள்ளுனாலும் அதுல ஆக்சிஜன் 30 சதவீதம் கம்மி. சிலிண்டர் கேஸோட அழுத்தத்தக் குறைச்சு விடுற ரெகுலேட்டருக்கு இது தெரியாது, கீழ குடுத்த அதே 11 இஞ்ச் வாட்டர் காலம் (கேஸ் அழுத்தத்த அளக்குற அலகு) பிரஷர மேலயும் குடுக்கும். மேல கேஸோட அடர்த்தியும் குறையுறதால எடைக்கணக்குல கேஸ் தானா ஒரு 17 சதவீதம் குறையும், ஆனா காத்து 30 குறையுதே, அந்த வித்தியாசம்தான் பிரச்சனை. கேஸ் மிஞ்சி அரைகுறையா எரியுது, சுவாலை நீலத்துல இருந்து மஞ்சளாகுது, உங்க மூடில படிஞ்ச கரி அதுதான். ஓட்டையப் பெருசாக்குனா இன்னும் மோசமாகும்.

நாங்க வீடுகளுக்குப் போடுற கணக்கு 2000 அடிக்கு மேல போனா கடல் மட்டத்துல இருந்து எண்ணி 1000 அடிக்கு 4 சதவீதம் ஃபர்னஸோட பிடியுவக் குறைக்கணும். 10,000 அடிக்கு 40 சதவீதம், உங்க 20,000 பிடியு 12,000 ஆயிடும். ஓட்டையோட பரப்பு 60 சதவீதமாகணும்னா விட்டம் 77 சதவீதம் இருந்தா போதும், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. அதனாலதான் கையால செய்யக்கூடாது. உங்க மாடல் நம்பர் சொல்லி ஃபர்னஸ் கம்பெனிகிட்ட ஹை ஆல்டிட்யூட் (அதிக உயரத்துக்கான) ஆரிஃபிஸ் இருக்கான்னு கேளுங்க, இருந்தா கேம்பர் மாதிரி வண்டிகளுக்கான சர்டிஃபைட் ஆர்வி டெக்னீஷியன் வச்சு மாத்தி மேனோமீட்டர்ல (அழுத்தம் அளக்குற கருவி) பிரஷர் பாக்கச் சொல்லுங்க. ரெகுலேட்டர நீங்களே திருகிக் குறைக்காதீங்க, அடுப்பு ஃப்ரிட்ஜ் வாட்டர் ஹீட்டர் எல்லாத்துக்கும் அது ஒண்ணுதான்.

ஒண்ணு யோசிச்சுக்கோங்க, கேம்பர் ஒரே உயரத்துல நிக்காது. வருஷத்துக்கு ஒரு தடவை மேல போறதுக்காக மாத்துனா மீதி நாளெல்லாம் கீழ சூடு பத்தாது, ஆரிஃபிஸும் அந்த உயரத்துக்குப் பொருத்தமா இருக்காது. அடிக்கடி 8000 அடிக்கு மேல தங்குறவங்களுக்குத்தான் அது சரி. முதல்ல அந்தக் கரிய சுத்தம் பண்ணச் சொல்லுங்க, பர்னர்லயும் புகைக்குழாய்லயும் சிலந்தி கூடோ குளவிக் கூடோ இருந்தாலும் இதே மாதிரி கரி வரும்.

இரட்டைபேட்டரி:
அண்ணன் சொன்னது கரிக்கு சரி, ஆனா 2 மணிக்கு நின்னது வேற விஷயம்னு நினைக்கிறேன். ஃபேன் ஓடுது ஸ்பார்க் வரலன்னா செயில் ஸ்விட்ச் மூடல. ஃபேன் காத்து ஒரு சின்னத் தகட்டத் தள்ளுனாத்தான் ஃபர்னஸோட கன்ட்ரோல் போர்டு கேஸ் வால்வத் திறந்து ஸ்பார்க் அடிக்கும். மேல காத்து லேசானதால தள்ளுற விசை ஏற்கனவே கம்மி, அதோட குளிர்ல லெட் ஆசிட் பேட்டரியோட திறன் உறைநிலைலயே 20 சதவீதம் போல குறைஞ்சிடும், ராத்திரி பூரா ஃபேன் ஓடி வோல்டேஜ் இறங்கிட்டா ஃபேன் மெதுவா சுத்தும், தகடு அசையாது. எனக்கும் பழைய பேட்டரில இதேதான் ஆச்சு. ஃபேன் ஓடும்போதே மல்டிமீட்டர்ல பேட்டரிய அளந்து பாருங்க. அந்த ஸ்விட்ச வயர் போட்டு இணைச்சு ஓட்டுறவங்களும் இருக்காங்க, அது காத்து இல்லாமலேயே கேஸத் திறக்குற வேலை, செய்யாதீங்க.

டென்வர்_தம்பி:
ரொம்ப நன்றிங்க. இன்னைக்கு வீட்டு வாசல்லயே ஃபேன் ஓட விட்டு அளந்தேன், முதல்ல 12.4, ஒரு மணி நேரத்துல 11.4க்கு வந்துடுச்சு, பேட்டரி 6 வருஷப் பழசு. புதுசு ரெண்டு வாங்கிப் போடப் போறேன். ஆரிஃபிஸுக்கு கம்பெனிக்கு எழுதியிருக்கேன், டெக்னீஷியன் வியாழக்கிழமை வர்றார், கரியையும் பிரஷரையும் பாக்கச் சொல்லியிருக்கேன். உள்ள இருக்குற கார்பன் மோனாக்ஸைடு அலாரம் வாழ்நாள் முடிஞ்சு போயிருந்துச்சு, அதையும் மாத்திட்டேன், அன்னைக்கு ராத்திரி அது வேலை செஞ்சிருக்காதுன்னு நினைச்சா இன்னும் உடம்பு நடுங்குது.

நீலச்சுவாலை:
நல்ல வேலை பண்ணீங்க. அப்பா அம்மா முதல் ராத்திரியே 9000 அடில தூங்கினா தலைவலி வரும், டென்வர்ல ரெண்டு மூணு நாள் இருந்துட்டுப் போங்க. சுவாலை நீலமா நிக்குதான்னு டெக்னீஷியன் பக்கத்துல நின்னு நீங்களே பாருங்க, பாத்துட்டு இங்க எழுதுங்க.