கெஸ்வாசாக்கா புல் பாலம்: இன்னும் எதற்கு?

இளமாறன்:
பெரு நாட்டின் கூஸ்கோ பகுதியில், கானாஸ் மாகாணத்தில் உள்ள சிறிய மலை மாவட்டம் கேஹுவே. பெரும்பாலோர் கெச்சுவா பேசும் உழவர்கள். அபுரிமாக் ஆற்றின் மேலுள்ள கெஸ்வாசாக்கா புல் பாலத்தை ஒவ்வோர் ஜூனிலும் புதிதாகக் கட்டுகிறார்கள். பக்கத்திலேயே வண்டிகள் போகும் பாலம் இருக்கும்போது இது வீண் உழைப்பு. 2013இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏறியபின் பயணிகளுக்கான காட்சியாகவே ஆகிவிட்டது.

தேவகி:
பட்டியல் நேற்று வந்தது. ஸ்பானியர் வருமுன் அங்கே ஆண்ட இன்காக்களின் காலத்துத் தொழில்நுட்பம் அது. பெருந்தொற்றால் 2020இல் பாலத்தைப் புதுப்பிக்க முடியவில்லை. 2021 மார்ச்சில் வடங்கள் நைந்து ஆற்றில் விழுந்தது. உலகப் பயணமே முடங்கிக் கிடந்த அந்த ஆண்டின் ஜூனில் மீண்டும் கட்டினார்களே, யாருக்குக் காட்ட?

கட்டும் முறையைப் பாருங்கள் ஐயா. ஒவ்வொரு குடும்பமும் கோயா புல்லில் மெல்லிய கயிறு திரித்துக் கொண்டுவருகிறது. அவற்றை மேலும் மேலும் முறுக்கி வடமாக்குகிறார்கள். நடக்க நான்கு வடங்கள், கைப்பிடிக்கு இரண்டு. கைதேர்ந்தவர்கள் இரு கரையிலிருந்தும் பின்னிக்கொண்டே வந்து நடுவில் சேர்கிறார்கள். உயின்சிரி, சௌபிபாண்டா, சொக்காய்வா, கொல்லானா கேஹுவே ஆகிய நான்கு ஊர்களும் கூடிச் செய்யும் வேலை இது. மூன்றே நாளில் பாலம் எழுந்துவிடுகிறது! ஆற்றைக் கடப்பதற்கு மட்டும் என்றால் எப்போதோ விட்டிருப்பார்கள்.

பொன்னி:
அக்கா, கயிறு திரிப்பதில் பெண்களின் கை பெரிது. ஆனால் பாலம் கட்டும் இடத்துக்குப் பெண்கள் வந்தால் தீங்கு என்று அவர்களை விலக்கி வைப்பது அங்கே வழக்கம். இதையும் கொண்டாட வேண்டுமா?

தேவகி:
வேண்டாம், பொன்னி. அந்த விலக்கை நான் ஏற்கவில்லை. அதை உடைக்க அவ்வூர்ப் பெண்கள் முன்வந்தால் அவர்கள் பக்கம்தான் நிற்பேன். அதற்காகப் பாலமே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன்.

இளமாறன்:
நான்கு ஊர்கள் கூடுவதன் அருமை எனக்கும் புரிகிறது அம்மா. ஆனால் ஊர் கூட வேறு வேலையே இல்லையா? வாய்க்கால் வெட்டலாம், பள்ளி கட்டலாம். புல் அறுப்பதும் திரிப்பதும் அந்த மூன்று நாள் கணக்கில் வருவதில்லை. அதுவும் ஏழைகளின் உழைப்புதான். உலகத்தின் சொத்து என்று பெயர் சூட்டியவர்கள் அதற்குக் கூலி தரட்டும்.

தேவகி:
கூலி கேட்பது நியாயம். அதில் உங்களோடு நானும் சேர்ந்துகொள்கிறேன். வாய்க்காலா பாலமா என்பதை மட்டும் அந்த நான்கு ஊர்களே முடிவு செய்யட்டும்.