பெரிய வீட்டை விட்டுச் சிறிய வீட்டுக்கு மாறியவர்கள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கொள்ளிடக்கரை

மயிலாடுதுறைப் பக்கத்து வீடுகளைப் பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாங்கட்டு, அடுக்களை, கிணற்றடி, மாட்டுக்கொட்டில் என்று முன் தெருவில் ஆரம்பித்துப் பின் தெருவில் முடியும். இருந்தது அம்மா, நான், மனைவி. கழிப்பறை கொல்லைக் கோடியில்.

ஐப்பசி அடைமழை. ராத்திரி எழுந்து போன அம்மா கிணற்றடிப் பாசியில் வழுக்கி விழுந்துவிட்டார். நாங்கள் கூடத்தில் தூங்குகிறோம். முற்றத்துத் தகரத்தில் மழை கொட்டுகிற சத்தத்தில் வேறு எதுவும் கேட்காது. விடிகாலையில் பால்காரர் கொல்லைக் கதவை இடித்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. துவைகல்லில் சாய்ந்து கிடந்தார், புடவை முழுக்கச் சேறு. என்னைப் பார்த்ததும் "கூப்பிட்டுப் பார்த்தேன்டா, குரல் எட்டல" என்றார். குற்றமாகச் சொல்லவில்லை, தகவல் மாதிரி சொன்னார். அதுதான் இன்னும் என்னை விடமாட்டேன் என்கிறது.

அறுவை சிகிச்சை முடிந்து அம்மா நடக்கத் தொடங்கியதும் கொல்லையிலேயே பின் தெருவைப் பார்த்து 380 சதுர அடியில் ஒரு வீடு கட்டினேன். ஒரு கூடம், ஒரு அறை, சமையல் இடம், உள்ளேயே கழிப்பறை, சுவர் நெடுகக் கைப்பிடிக் கம்பி. இப்போது அம்மா புரண்டு படுத்தால்கூட எனக்குத் தெரிகிறது. "அந்த வீட்டை விட்டுவிட்டு இதிலா?" என்று உறவுக்காரர்கள் கேட்காத நாளில்லை. உங்களில் யாராவது இப்படி மாறியிருந்தால் எழுதுங்கள்.

தென்னந்தோப்பு

பேராவூரணிப் பக்கம். நாங்களாக மாறவில்லை, கஜா புயல் மாற்றிவிட்டது.

2018 நவம்பர் 16. ஓடு ஒவ்வொன்றாகப் பறக்கத் தொடங்கியதும் அப்பா எல்லோரையும் மோட்டார் கொட்டகைக்குள் கொண்டுபோய் அடைத்தார். கான்கிரீட் கூரை போட்டது அது ஒன்றுதான். தண்ணீர்க் குழாய் மேல் பிள்ளைகள், கதவுக்கு முட்டுக்கொடுத்து நானும் தம்பியும். விடிந்து வெளியே வந்தால், தோப்புக்கு அந்தப் பக்கத்து ஊர்க் கோயில் கோபுரம் தெரிகிறது. பிறந்ததிலிருந்து எங்கள் வாசலில் நின்று அதைப் பார்த்ததே கிடையாது. நடுவில் மரமே இல்லை. அம்மா அந்தக் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. கொட்டகைதான் வீடு. இடிந்த வீட்டிலிருந்து ரேஷன் கார்டு, பத்திரப் பெட்டி, இரண்டு அண்டா, பாய், துணிமணி எடுத்தோம். பரணில் இருந்த மற்றதை யாரும் தேடவே இல்லை.

அப்புறம் 400 சதுர அடிதான் கட்டினோம். இதில் பெரிய லாபம் என்ன தெரியுமா? கடன் வாங்கவில்லை. நெட்டைத் தென்னங்கன்று வைத்தால் காய்க்க ஆறேழு வருஷம் ஆகும். அதுவரை வீட்டுக் கடனுக்கு வட்டி கட்ட எங்கே போவது? எங்கள் ஊரில் அதே நேரத்தில் மாடி வைத்துக் கட்டியவர்கள் மனையையே விற்றிருக்கிறார்கள். கொள்ளிடக்கரை அண்ணே, உங்கள் உறவுக்காரர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

நாகை அலை

எல்லோரும் பாராட்டுகிறீர்கள், சரி. அமெரிக்காவில் 400 சதுர அடிக்குள் இருந்தால் டைனி ஹோம் என்று அதைத் தேடிப் போகிறார்கள். இங்கே கலைஞரின் கனவு இல்லம் வீட்டுத் திட்டத்தில் அரசு தருவதே 360 சதுர அடிதான். எங்கள் கடற்கரையில் சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த வீடுகள் 300 சதுர அடிக்குக் கொஞ்சம் மேலே. அதில் இருப்பது மூன்று பேர் இல்லை. தாத்தா பாட்டி, மகன் மருமகள், பிள்ளைகள் என்று ஒரு முழுக் குடும்பம்.

என் அக்கா மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். வந்தவர்களை உள்ளே உட்கார வைக்க இடமில்லை. தெருவில் பந்தல் போட்டு வாடகை நாற்காலி. நல்ல வெயில். பெண் காபித் தட்டோடு வெளியே வருகிறாள், எதிர் வீட்டுப் பசங்கள் சைக்கிளில் சாய்ந்து நின்று பார்க்கிறார்கள். மாப்பிள்ளையின் அம்மா எதுவும் சொல்லவில்லை, வீட்டு வாசலையும் பந்தலையும் ஒரு முறை அளந்து பார்த்தார். அந்தப் பார்வையை என் அக்கா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். கல்யாணம் நடந்தது, அது வேறு விஷயம்.

ஆகவே சிறிய வீடு நல்லது என்று பொதுவாக எழுதாதீர்கள். இரண்டு மூன்று பேருக்கு, பக்கத்தில் பெரிய மனையும் இருந்தால், நல்லது.

ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர்

கும்பகோணத்தில் மாடி வீட்டைப் பையனுக்குக் கொடுத்துவிட்டு நானும் மனைவியும் இரண்டு அறை வீட்டில் இருக்கிறோம். நிம்மதி. அது போதும், முக்கியமானதைச் சொல்கிறேன்.

வீட்டைச் சுருக்குகிறவர்கள் பெரும்பாலும் செய்வது, பழைய வீட்டைப் பிள்ளைகள் பெயருக்குத் தானசெட்டில்மென்ட் எழுதிவிடுவது. அவசரப்படாதீர்கள். சிறிய வீடு முழுசாகக் கட்டி முடிந்து, மின் இணைப்பும் வீட்டு வரியும் உங்கள் பெயரில் வந்த பிறகு எழுதுங்கள். எழுதும்போது "எங்களைக் கடைசிவரை பராமரிக்க வேண்டும்" என்ற நிபந்தனை பத்திரத்துக்குள்ளேயே இருக்கட்டும். வாய்ப்பேச்சு வேண்டாம். பெற்றோர் பராமரிப்புச் சட்டம், 2007, பிரிவு 23 இதற்காகவே இருக்கிறது. நிபந்தனை மீறப்பட்டால் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுத்துப் பத்திரத்தை ரத்து செய்யலாம். நிபந்தனை எழுதாமல் விட்டவர்கள் அங்கே வந்து தவிப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கொள்ளிடக்கரைத் தம்பி, ஒரே மனையில் இரண்டு வீடு என்கிறீர்கள். நாளைக்குப் பாகம் பிரிக்கும்போது பின் தெரு வாசலுக்கும் கிணற்றுப் பாத்தியதைக்கும் சண்டை வரும். இப்போதே நான்கெல்லை எழுதித் தனிச் சொத்தாக ஆக்கிக்கொள்ளுங்கள். மேலும், 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம் என்றால் 2024 ஜூலை முதல் சுயசான்றிலேயே இணையத்தில் அனுமதி வாங்கலாம். வாங்காமல் கட்டியிருந்தால் அதையும் கவனியுங்கள். அப்புறம் கடைக்கால், அதாவது அஸ்திவாரம். நம் டெல்டாக் களிமண் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். வீடு சிறியதுதானே என்று கொத்தனார் ஆழத்தைக் குறைப்பார், விடாதீர்கள். தரைமட்டத்தைத் தெருவிலிருந்து மூன்றடியாவது உயர்த்துங்கள். ரோடு போடும் ஒவ்வொரு முறையும் தெரு உயர்ந்துகொண்டே போகிறது.

கொள்ளிடக்கரை

ஐயா, நன்றி. அனுமதி வாங்கித்தான் கட்டினேன். நாகை அலை சொல்வது சரி. ஆறு பேர் இருந்தால் நான் இதைக் கட்டியிருக்க மாட்டேன்.

ஐயாறு

நாகை அலைக்குப் பதில் சொல்ல வரவில்லை தம்பி. உன் அக்காவை நினைத்தால் மனசு கனக்கிறது. ஆனால் பெரிய வீட்டை யார் தூக்கிச் சுமக்கிறார்கள் என்று யாருமே எழுதவில்லையே, அதனால் எழுதுகிறேன்.

திருவையாற்றில் வாக்கப்பட்டவள் நான். தை மாதம் தியாகராஜர் ஆராதனை என்றால் எங்கள் வீடு நிரம்பிவிடும். இடம் இருக்கிறதே என்று சென்னையிலிருந்து, பெங்களூரிலிருந்து வருவார்கள். காலை காபி, டிபன், சாப்பாடு, மறுபடி காபி. அவர்கள் எல்லோரும் கச்சேரி கேட்கப் போவார்கள். நான் அடுக்களையில் ரேடியோவில் கேட்பேன். சமாதி நடக்கிற தூரம்தான். கல்யாணமானதிலிருந்து, எல்லோரும் சேர்ந்து பஞ்சரத்ன கீர்த்தனை பாடுகிற பஞ்சமி காலையில் ஒரு வருஷம்கூட நான் அங்கே உட்கார்ந்தது கிடையாது.

வீட்டுக்காரர் ஓய்வுபெற்றதும் அதை விற்றுவிட்டுப் பக்கத்துத் தெருவில் சின்னதாக ஒரு ஓட்டு வீடு வாங்கினோம். அந்தத் தையில் ஒருவரும் தங்க வரவில்லை. தங்க இடமில்லையே. விடிவதற்குள் பெருக்கி, கோலம் போட்டு, ஒரு பானை சாதம் வடித்து வைத்துவிட்டுப் போனேன். காவிரிப் பக்கமிருந்து குளிர்காற்று. பந்தலில் கம்பளத்து ஓரத்தில் இடம் கிடைத்தது. புல்லாங்குழல்கள் எழுந்து, நாட்டை ராகத்தில் அத்தனை பேரும் ஒரே குரலாகப் பாடத் தொடங்கியதும் எனக்கு உதடு நடுங்கியது. பக்கத்தில் இருந்த பெண் யாரென்று தெரியாது, என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு எல்லா வரியும் தெரிந்திருந்தது! அடுப்படியில் நின்று கேட்டே வந்திருக்கிறது. நானும் பாடினேன்.

உறவு குறைந்துவிடும் என்று பயமுறுத்தினார்கள். வருகிறவர்கள் இப்போதும் வருகிறார்கள். லாட்ஜில் தங்கிவிட்டு வந்து பேசிவிட்டுப் போகிறார்கள்.

வெட்டாறு

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். டெல்டா வீடுகள் ஏன் அவ்வளவு பெரிதாக இருந்தன? ஆளுக்காக மட்டும் இல்லை, நெல்லுக்காக. களத்திலிருந்து வந்த நெல் பத்தாயம் என்கிற பெரிய மரப்பெட்டியில் ஏற வேண்டும், விதைநெல் கோட்டை கட்டி வைக்க வேண்டும், முற்றத்தில் புழுக்கிக் காய வைக்க வேண்டும், மாடு வேண்டும், வைக்கோல் வேண்டும். இப்போது மெஷின் அறுத்ததும் டிராக்டரில் நேராகக் கொள்முதல் நிலையத்துக்குப் போகிறது. வீட்டு வாசலையே மிதிப்பதில்லை. எங்கள் வீட்டுப் பத்தாயத்தைக் கழற்றிய அன்றைக்கு அடுக்கு அடுக்காக வெளியே வந்தது. வாங்க வந்த மர வியாபாரி அடிப்பலகையைத் தட்டினார், ஒரு கைப்பிடி பதர் கொட்டியது. அப்பா குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "ஆடுதுறை 36" என்றார். அந்த ரகத்தை நாங்கள் விட்டுப் பல வருஷம் ஆகிறது. பலகையைக் கொடுக்கவா வேண்டாமா என்று நான் தயங்கினேன். அவர்தான் "எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லு, இதைக் காப்பாத்தவா ஒரு அறை?" என்றார்.

நாங்களும் வைகாசியில் சிறிதாகக் கட்டத் தொடங்குகிறோம். தென்னந்தோப்பு, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். ஓட்டு வீட்டில் இருந்து பழகிய உடம்பு, கான்கிரீட்டுக்குக் கீழே கோடையை எப்படித் தாங்குகிறீர்கள்? மேலே தட்டு ஓடு பதித்தீர்களா, வெள்ளைப் பெயின்ட் மட்டுமா? கொத்தனார் இரண்டும் ஒன்றுதான் என்கிறார், எனக்கு நம்பிக்கை இல்லை.