நுரையீரல் நோயோடு இருப்பவர்கள் தடுப்பூசி போட்டுக்கொண்டது: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

ஈரோட்டு மகள்

அப்பாவுக்கு 72 வயது. சி.ஓ.பி.டி. இருக்கிறது, மூச்சுக்குழாய் சுருங்கி நாள்பட இளைக்கிற நோய். காலையும் இரவும் இன்ஹேலர், மழைக்காலம் வந்தால் கூடவே நெபுலைசர். இந்த முறை செக்கப்புக்குப் போனபோது நெஞ்சு டாக்டர் ஃப்ளூ ஊசியும் நிமோனியா ஊசியும் எழுதிக் கொடுத்தார். அப்பா மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். "இப்பத்தான் உடம்பு ஒரு நிலைக்கு வந்திருக்கு, நல்லா இருக்கிற நேரத்துல எதுக்கும்மா கிருமியை உள்ள ஏத்தணும்? ஊசி போட்டு இளைப்பு வந்தா யாரு பதில் சொல்றது?" என்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இதே நிலையில் இருந்து போட்டுக்கொண்டவர்கள், வேண்டாம் என்று விட்டவர்கள், இரண்டு பேருமே எழுதுங்கள். அட்வைஸ் வேண்டாம், நடந்தது போதும். அப்பாவுக்குப் படித்துக் காட்டப்போகிறேன்.

நெல்லை டீச்சர்

தங்கச்சி, உங்கள் அப்பாவின் பயத்தை லேசாக நினைக்காதீர்கள். இளைப்பு வந்து படுத்தவர்களுக்குத்தான் அந்தப் பயம் புரியும்.

நான் பீடி, சிகரெட் பக்கம் போனதில்லை. கல்யாணமாகி வந்த வீட்டில் விறகடுப்பு, ஜன்னல் இல்லாத அடுக்களை, மழை நாளில் ஈரச்சுள்ளியை ஊதி ஊதிப் பற்றவைத்த புகைதான் என் நுரையீரலில் இருக்கிறது. குழாயில் ஊதச் சொல்லும் சோதனையில் முதல் ஒரு வினாடியில் வெளியே வரும் காற்று எனக்கு இயல்பில் பாதிக்கும் கீழே. 2021 மார்ச் 1-ஆம் தேதி 60 வயது தாண்டியவர்களுக்கும், 45 தாண்டிய இணைநோய்க்காரர்களுக்கும் கொரோனா ஊசி தொடங்கியபோது அந்த இணைநோய்ப் பட்டியலில் இதுவும் இருந்தது. டாக்டர் அப்போதே சான்றிதழ் எழுதித் தந்துவிட்டார். நான்தான் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன்.

ஏப்ரல் நடுவில் நடிகர் விவேக் ஊசி போட்டுக்கொண்ட மறுநாள் மாரடைப்பு வந்து, அதற்கடுத்த நாள் காலமானார். எங்கள் தெருவில் அன்றைக்கு வேறு பேச்சே இல்லை. இதயத்துக்குப் போகும் பெரிய ரத்தக்குழாயில் முழு அடைப்பு, ஊசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர்கள் சொன்னார்கள், பல மாதம் கழித்து மத்திய நிபுணர் குழுவும் அதையே சொன்னது. ஆனால் அந்த வாரம் யார் காதிலும் அது ஏறவில்லை. மரம் நடு, ஊசி போட்டுக்கொள் என்று ஊருக்கெல்லாம் நல்லது சொன்ன மனிதர். அவருடைய சாவையே காரணமாகக் காட்டி எத்தனையோ பேர் ஊசியை விட்டார்கள், அதை இப்போது நினைத்தாலும் எனக்கு வேதனையாக இருக்கிறது.

என்னை மாற்றியது டாக்டர் கேட்ட ஒரே கேள்வி. "போன தடவை ஆஸ்பத்திரியில சேர்ந்தீங்களே, அதுக்கு முன்னாடி மாடி எப்படி ஏறுனீங்க, இப்ப எப்படி ஏறுறீங்க?" முன்பு ஒரே மூச்சில் மொட்டை மாடிக்கு வடகம் காயப்போடப் போவேன். அந்த அட்மிஷனுக்குப் பிறகு பாதியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். குணமாகி வீட்டுக்கு வந்தேன் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள், போன மூச்சு முழுசாகத் திரும்பி வரவில்லை. ஒவ்வொரு பெரிய இளைப்பும் நம்மைப் படியிறக்கிவிட்டுத்தான் போகும், திரும்ப ஏற விடாது. மற்றவர்களுக்கு வந்துபோகிற காய்ச்சல் நமக்கு அப்படிப் போகாது. "நல்லாத்தானே இருக்கேன்" என்று அப்பா சொல்கிறார் இல்லையா, ஊசி அந்த நல்ல நாளில்தான் போட வேண்டும். மூச்சு திணறிக்கொண்டு இருக்கும்போது போட முடியாது.

கொரோனா ஊசி போட்ட இரவு எப்படி இருந்தது என்றும் சொல்லிவிடுகிறேன், அதுதான் அப்பாவுக்கு வேண்டியது. கட்டிலுக்குப் பக்கத்தில் இன்ஹேலர், ஸ்பேசர், ஆக்ஸிமீட்டர் எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டேன். நடுராத்திரி குளிர் வந்தது, உடம்பு அடித்துப் போட்ட மாதிரி வலி. விரலில் மாட்டிப் பார்த்தால் ஆக்ஸிஜன் 93, அது என் வழக்கமான அளவுதான். பாராசிட்டமால் போட்டுக்கொண்டு படுத்தேன். நெஞ்சில் கீச்சுச் சத்தம் வரவில்லை. மறுநாள் சாயங்காலம் காய்ச்சல் விட்டது. மே மாதம் ஆக்ஸிஜன் படுக்கைக்கு ஜனங்கள் ஆம்புலன்சிலேயே காத்துக் கிடந்தபோது நான் முதல் டோஸோடு கதவைச் சாத்திக்கொண்டு வீட்டில் இருந்தேன்.

ஃப்ளூ ஊசி அதைவிட லேசு. கை மட்டும் வலித்தது. அந்த ஊசியில் உயிருள்ள கிருமி கிடையாது, அதனால் அது ஃப்ளூவைக் கொண்டுவராது. மூக்கில் விடுகிற மருந்து வேறு, அதில் வலுவிழக்கச் செய்த உயிருள்ள கிருமி இருக்கும், அது நம்மைப் போன்றவர்களுக்கு வேண்டாம் என்று டாக்டர் சொன்னார். நான் வருஷா வருஷம் ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன்பே போட்டுக்கொள்கிறேன். ஃப்ளூ கிருமி மாறிக்கொண்டே இருப்பதால் போன வருஷத்து ஊசி இந்த வருஷத்துக்குப் போதாது. அப்புறம் இதையும் சொல்ல வேண்டும், ஊசி போட்ட வருஷத்திலும் எனக்குச் சளி பிடித்திருக்கிறது. ஃப்ளூ ஊசி ஃப்ளூவுக்கு மட்டும்தான், மற்ற சளிக் கிருமிகளை அது தடுக்காது. ஆனால் நெபுலைசரோடு வீட்டிலேயே சமாளித்தேன்.

கோவை மில் தாத்தா

டீச்சரம்மா சொன்னதெல்லாம் சரி. நான் ஸ்பின்னிங் மில்லில் பஞ்சுத் தூசி தின்ற ஆள், பீடியும் இருந்தது, இப்போது இல்லை. என் விஷயம் நிமோனியா ஊசி.

முதலில், காசு. பெரியவர்களுக்கு இது சர்க்கார் ஊசித் திட்டத்தில் இல்லை, குழந்தைகளுக்கு மட்டும்தான். ஒரு ஊசி நாலாயிரம் ரூபாய் பக்கம் வந்தது. பையன் கொடுத்தான், வாங்கிக்கொள்ள எனக்குச் சங்கடமாக இருந்தது. போன மழைக்கு ஐ.சி.யூ.வில் கட்டிய பில்லை மருமகள் எடுத்து முன்னால் வைத்தாள், அப்புறம் நான் பேசவில்லை.

முதல் தடவை போன அன்றைக்கு எனக்குக் காய்ச்சல், இளைப்பும் இருந்தது. நர்சம்மா பார்த்துவிட்டு "இன்னைக்கு வேண்டாங்கய்யா, இது தெளியட்டும்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். உடம்பு தேறிய பிறகு போய்ப் போட்டுக்கொண்டேன். தோள் இரண்டு நாள் கனமாக இருந்தது, சட்டை மாட்ட மகன் உதவினான், அவ்வளவுதான்.

இன்னொன்று. எனக்கு முதல் ஊசி போட்ட தனியார் ஆஸ்பத்திரியில் சீட்டில் "நிமோனியா ஊசி" என்று மட்டும் எழுதினார்கள், பேர் கிடையாது, தேதியும் சரியாக இல்லை. வேறு டாக்டரிடம் போனபோது "எது போட்டாங்க, 13-ஆ, 23-ஆ, 20-ஆ?" என்று கேட்டார். அந்த ஊசி எத்தனை வகைக் கிருமிக்கு எதிரானது என்பதுதான் அந்த எண்ணாம். எனக்கு எப்படித் தெரியும்? பிரெவ்நார் 13 போட்டவர்களுக்கு வழக்கமாக ஒரு வருஷம் கழித்து 23 போடுவார்களாம், 20 போட்டிருந்தால் அந்த ஒன்றே போதுமாம். கடைசியில் மருந்துக்கடை பில்லைத் தேடி எடுத்துத்தான் கண்டுபிடித்தோம். ஊசிப் பாட்டிலில் இருக்கிற ஸ்டிக்கரை உரித்து நோட்டில் ஒட்டச் சொல்லுங்கள், தேதியும் எழுதி வாங்குங்கள். ஊசியைக் கடையில் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வெயிலில் அலையவும் வேண்டாம், அது 2-லிருந்து 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய சரக்கு. போடுகிற இடத்திலேயே ஃபிரிட்ஜில் வைத்திருந்தால் அங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

அண்ணாநகர் அக்கா

எனக்கு முடக்குவாதத்தோடு வந்த நுரையீரல் தழும்பு, ஐ.எல்.டி. என்பார்கள். என் கவலையே வேறு. எதிர்ப்புச் சக்தியை அடக்குகிற மருந்து எடுக்கிறேன், அப்படியிருக்க ஊசி வேலை செய்யுமா என்பதுதான். ரிட்டுக்ஸிமாப் என்கிற அந்த மருந்தை ஏற்றிய பிறகு சில மாதங்களுக்கு உடம்பு எதிரணுக்களைச் சரியாக உண்டாக்காது, அந்தச் சமயத்தில் ஊசி போட்டால் பலன் ரொம்பக் குறைவு. அதனால் என் டாக்டர் அடுத்த ரிட்டுக்ஸிமாபுக்கு நாலு வாரம் முன்னதாக ஊசிகளை வைத்து, காலண்டரில் வட்டம் போட்டுக் கொடுத்தார். பிரெட்னிசலோன் என்கிற ஸ்டீராய்டு மாத்திரை அதிக அளவில் நாள்கணக்காக எடுப்பவர்களும் முதலிலேயே அதைச் சொல்லிவிடுங்கள், உயிருள்ள தடுப்பூசிகள் ஆகாது, மற்றவை போடலாம் ஆனால் பலன் கொஞ்சம் குறையலாம் என்றார்.

அந்தக் குறைவை ஈடுகட்ட வீட்டில் எல்லாரும் ஃப்ளூ ஊசி போட்டுக்கொண்டார்கள். ஸ்கூலுக்குப் போகிற என் பையன்தான் முதல் ஆளாகக் கையை நீட்டினான். ஈரோட்டுத் தங்கச்சி, அப்பா சம்மதிக்கிற வரைக்கும் நீங்களும் வீட்டில் இருப்பவர்களும் போட்டுக்கொள்ளலாமே.

தஞ்சை மகன்

வேண்டாம் என்று விட்டவர்களையும் கேட்டதால் எழுதுகிறேன். அம்மா 80 தாண்டியவர், வீட்டில் ஆக்ஸிஜன் கான்சென்ட்ரேட்டர் ஓடுகிறது. ஃப்ளூ ஊசிக்குச் சரி என்றார். அக்கி ஊசி இரண்டு டோஸ், ஒவ்வொன்றும் பத்தாயிரத்துக்கு மேல், போட்டால் ஓரிரு நாள் காய்ச்சலும் உடம்புவலியும் வரலாம் என்று தெரிந்ததும் "இது எனக்கு வேண்டாம் தம்பி" என்று சொல்லிவிட்டார். டாக்டர் வற்புறுத்தவில்லை, நானும் விட்டுவிட்டேன். எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டு அவரே எடுத்த முடிவு. யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியதைப் பார்த்துப் பயந்து வேண்டாம் என்றிருந்தால் நான் இன்னும் பேசியிருப்பேன்.

ஈரோட்டு மகள்

எல்லாருக்கும் நன்றி. ராத்திரி அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். மாடிப்படி விஷயத்தை இரண்டாம் தடவை படிக்கச் சொன்னார். பிறகு அவராகவே "போன மழைக்கு முன்னாடி நான் கடைவீதி வரைக்கும் நடந்து போயிட்டு வருவேன்ல" என்றார். ஃப்ளூ ஊசிக்கு வருகிறேன் என்கிறார், நிமோனியாவைப் பற்றி டாக்டரிடம் நேரில் கேட்டுவிட்டுச் சொல்கிறாராம். ஒரு சந்தேகம் கேட்கச் சொன்னார்: இதயத்துக்காக ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுக்கிறார், அதோடு ஊசி போடலாமா?

நெல்லை டீச்சர்

என் வீட்டுக்காரரும் அந்த மாத்திரை எடுப்பவர்தான், அவருக்கும் போட்டார்கள். போடுகிறவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், மெல்லிய ஊசியாக எடுப்பார்கள். போட்ட இடத்தைத் தேய்க்காமல் பஞ்சு வைத்து இரண்டு நிமிஷம் அழுத்திப் பிடித்திருந்தால் ரத்தம் கட்டுவது குறையும். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அதையும் டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். காலையில் இன்ஹேலர் எடுத்துவிட்டு, வயிற்றுக்குச் சாப்பிட்டுவிட்டு வரச் சொல்லுங்கள், போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்காருங்கள்.