மனைப்பிரிவுப் பூங்காவில் டால்பினா, பழைய வத்தையா?

உச்சிப்புளிக்கும் அரியமான் கடற்கரைக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் மனைப்பிரிவு. நான் குடிவந்தபோது 9 வீடு, மற்றதெல்லாம் கருவேலமும் எல்லைக்கல்லும். இப்போது 62 வீடு. சங்கத்தில் மிச்சமிருக்கும் 80,000 ரூபாயில் பூங்கா முகப்பில் ஏதாவது சிலை வைக்கலாம் என்று பேச்சு. செயலாளர் போனில் ஃபைபர் டால்பின் ஒன்றைக் காட்டினார், மூக்கில் சிவப்புப் பந்தோடு. நம் கடலில் டால்பின் உண்டுதான், பந்தோடு திரிவதை யார் பார்த்தது?

கரையில் 22 அடி வத்தை ஒன்று, மீன்பிடிக்கிற பலகைப் படகு, கவிழ்ந்து கிடக்கிறது. உடையவர் 15,000 கேட்கிறார். அதை வைக்கலாம் என்பது என் கட்சி. ஆனால் எனக்கும் பயம் உண்டு. முன்பு இங்கே ஒரு சிமெண்ட் மீன் இருந்தது. இரண்டாம் வருஷமே கண்ணுக்குக் கீழே துரு வடிந்து, மீன் அழுகிற மாதிரி ஆகிவிட்டது. அப்புறம் துடுப்பு வெடித்துக் கம்பி வெளியே வந்தது. அதில் என் மகன் முழங்காலைக் கிழித்துக்கொண்டு ஊசி போட்டுக்கொண்டான். இந்த உப்புக்காற்றில் எதுதான் நிற்கும்?

பதில் 1 (கொத்தனார், கீழக்கரை)

அண்ணே, அந்த மீனை உவர்த் தண்ணீரில் குழைத்திருப்பார்கள், மணலும் கரை மணலாக இருக்கும். உப்பு உள்ளேயே இருந்தால் கம்பி துருப்பிடித்து ஊதி, சிமெண்டைப் பிளந்துகொண்டுதான் வரும். மேலே எத்தனை கோட் பெயிண்ட் அடித்தும் பயனில்லை. நல்ல தண்ணீர், கம்பிக்கு மேல் 2 அங்குலப் பூச்சு, ஒழுங்காகத் தண்ணீர் விட்டு ஆற்றுவது, இவை இருந்தால் தாங்கும். மீன் துடுப்பில் 2 அங்குலத்துக்கு எங்கே போவது? மெல்லிசாக எதுவும் செய்யாதீர்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் 316 கிரேடு கேளுங்கள், 304 இங்கே கறை பிடிக்கும். கருங்கல்லுக்குக் கம்பியே வேண்டாம். ஆனால் மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலையே உப்பு அரித்திருக்கிறது, பார்த்திருப்பீர்கள்.

பதில் 2 (மண்டபம்)

வத்தையை வாங்குங்கள் தம்பி. ஒன்றே ஒன்று, அதில் மண் கொட்டிப் பூச்செடி வைக்காதீர்கள். ஓட்டல் வாசல்களில் அப்படித்தான் செய்கிறார்கள், ஈரம் நின்று அடிப்பலகை உளுத்துப் போகிறது. தரையில் வைக்காமல் கல் மேல் தூக்கி வையுங்கள். மழைத்தண்ணீர் வடிய அடியில் ஓட்டை போடுங்கள். வருஷம் ஒருமுறை, வாடைக்காற்றுக்கு முன்னால், மீன் எண்ணெய் பூசுங்கள். நாலு நாள் நாறும், டால்பின்காரர் சண்டைக்கு வருவார்.

கடல் பிராணிதான் வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தால் ஆவுளியாவைச் சொல்லுங்கள். கடற்புல் மேய்கிற கடல்பசு. அதற்கென்று பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரை 2022இல் பாதுகாப்பகமாக அறிவித்தார்கள். அது தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கம்தான், ஆனால் ஆவுளியாவுக்கு மாவட்ட எல்லை ஏது? உருண்டையான உடம்பு வேறு, கொத்தனார் சொன்ன பூச்சுக்கும் தோது. சுற்றி அழகுக்குப் பவளப்பாறைக் கல் மட்டும் அடுக்காதீர்கள். செத்த கல்லானாலும் வனத்துறை வழக்குப் போடும்.

பதில் 3

பூங்கா இடம் யார் பெயரில் இருக்கிறது? மனைப்பிரிவுக்கு அனுமதி வாங்கும்போது அதைத் தானப் பத்திரம் எழுதி ஊராட்சிக்குக் கொடுத்திருந்தால், அது சங்கத்தின் இடம் இல்லை. ஊராட்சியில் எழுத்தில் அனுமதி வாங்காமல் ஒரு கல்கூட நடாதீர்கள். நாளைக்குத் தகராறு வந்தால் வத்தையும் போகும், பணமும் போகும்.

கேட்டவர்

பத்திரத்தைப் பார்த்தேன். ஊராட்சிக்கு எழுதிக் கொடுத்ததுதான், மனு கொடுத்திருக்கிறேன். ஆவுளியாப் படத்தைச் செயலாளரிடம் காட்டினேன். "இது என்ன, நீர்யானையா?" என்றார். மண்டபம் அண்ணே, வத்தைக்காரர் அணியத்தில், அதாவது படகின் முன்பக்கத்தில், எழுதியிருக்கும் தன் மகள் பெயரை அழிக்கக் கூடாது என்கிறார். எண்ணெய் பூசினால் அந்த எழுத்து மங்குமா?