ஸ்விஃப்ட் வாங்கலாமா, ஜாஸ் வாங்கலாமா? ஒரு மாதமாக முடிவெடுக்க முடியவில்லை

கூழாங்கல்:
வணக்கம். பழைய காரைக் கொடுத்துவிட்டுப் புதிதாக ஒரு சின்ன கார் வாங்கப் போகிறோம். வீட்டில் ஐந்து பேர்: நான், மனைவி, ஒன்பதும் ஆறும் வயதான இரண்டு பிள்ளைகள், முழங்கால் வலியுள்ள அம்மா. வேலைக்குப் போக ஒரு வழி 23 கி.மீ., நெரிசலில் அதற்கே 70 நிமிடம் ஆகிறது. மாதம் ஒருமுறை எல்லோரும் பைகளோடு 300 கி.மீ. போவோம், நடுவில் மலைப்பாதை உண்டு. இரண்டு கார்களில் நிற்கிறேன். ஒன்று இப்போதைய சுசுகி ஸ்விஃப்ட், 1.2 லிட்டர் மூன்று சிலிண்டர் மைல்ட் ஹைப்ரிட் (பெட்ரோல் எஞ்சினுக்குச் சின்ன மின் உதவி மட்டும்), கை கியர். இன்னொன்று 2020இல் வந்த தலைமுறை ஹோண்டா ஜாஸ் ஹைப்ரிட், பெட்ரோல் எஞ்சினோடு காரை ஓட்டும் மின் மோட்டாரும் உள்ளது. ஸ்விஃப்ட்டை ஓட்டிப் பார்த்த அன்றே மனம் அதில் ஒட்டிக்கொண்டது. மனைவி ஜாஸ் என்கிறார். ஜாஸுக்குக் கொடுக்கும் கூடுதல் காசுக்கு உண்மையில் பலன் இருக்கிறதா?

கைகியர்:
ஸ்விஃப்ட் எடுங்கள் நண்பரே, மனம் சொன்னது சரிதான். மைலேஜுக்காகத்தான் ஹைப்ரிட் என்றால் ஐரோப்பிய சோதனை அளவுகளைப் பாருங்கள், ஸ்விஃப்ட் 100 கி.மீ.க்கு 4.4 லிட்டர், ஜாஸ் 4.5. அதாவது இரண்டுமே லிட்டருக்கு 22 கி.மீ. சொச்சம். அவ்வளவு மோட்டார், பேட்டரி எல்லாம் வைத்த கார் எட்டுகிற இடத்தை ஸ்விஃப்ட் தன் எடை குறைவை வைத்தே எட்டிவிடுகிறது. அது 950 கிலோ அளவில்தான், ஜாஸ் 1200ஐத் தாண்டும். எடை குறைந்தால் டயர், பிரேக் எல்லாவற்றுக்கும் வேலை குறைவு, வளைவில் கார் நம் கை சொன்னபடி கேட்கும். நீளமும் 18 செ.மீ. குறைவு, நெரிசலான ஊரில் வண்டி நிறுத்தும்போது அதன் அருமை தெரியும். இதற்கு மேல் என்ன வேண்டும்?

பின்சீட்டு:
என்ன வேண்டும் என்றால், அவர் எழுதியதை முழுதாகப் படிக்க வேண்டும். ஐந்து பேர், முழங்கால் வலி, 70 நிமிட நெரிசல். நீங்கள் தனியாக ஓட்டுகிற ஆளுக்குக் கார் சொல்கிறீர்கள்.

அந்த 4.4, 4.5 கணக்குக்கு வருகிறேன். அந்தச் சோதனை 30 நிமிடத்தில் 23 கி.மீ. சொச்சம் ஓடும், சராசரி வேகம் 46 கி.மீ.க்கு மேல், நடுவில் 130 வரைகூடப் போகும். அவருடைய தூரமும் அதே 23 கி.மீ.தான், ஆனால் அதற்கு அவர் எடுத்துக்கொள்வது 70 நிமிடம். சராசரி 20 கி.மீ. வேகம். இந்த வேகத்தில்தான் ஜாஸ் போன்ற முழு ஹைப்ரிட் தன் வேலையைக் காட்டும். ஊர்ந்து போகும்போது பெரும்பாலும் மின் மோட்டார்தான் சக்கரத்தைச் சுற்றுகிறது, பேட்டரி இறங்கினால் எஞ்சின் எழுந்து ஜெனரேட்டரைச் சுற்றிவிட்டு மறுபடி அடங்கும். ஸ்விஃப்ட்டில் இருக்கும் 12 வோல்ட் ஏற்பாடு எஞ்சினுக்குக் கொஞ்சம் கை கொடுக்கும், நிற்கும்போது அணைத்து வைக்கும், அவ்வளவுதான். அந்த ஏற்பாட்டால் மட்டும் காரை நகர்த்த முடியாது. முன்னால் இருக்கிற வண்டி இரண்டு அடி நகர்ந்தாலும் எஞ்சினை எழுப்பி, கிளட்ச்சை மிதித்து, கியர் போட்டாக வேண்டும். சோதனைக்கூடத்தில் சமமாக வந்த இரண்டு எண்கள் அவருடைய தெருவில் சமமாக வராது.

கைகியர்:
நெரிசலில் ஜாஸ் மிச்சம் பிடிக்கும், ஒப்புக்கொள்கிறேன். அந்த மிச்சம் விலை வித்தியாசத்தை ஈடுகட்ட எத்தனை வருடம் ஆகும் என்று கணக்குப் போட்டீர்களா? ஒரு நாளைக்கு 46 கி.மீ.தானே ஓடுகிறார். பெட்ரோலுக்காக மட்டும் ஜாஸ் வாங்குவது நஷ்டம், இதை அடித்துச் சொல்வேன்.

மலைப்பாதை வேறு இருக்கிறது என்கிறார். ஹைப்ரிட்டின் பேட்டரி சின்னது, நீண்ட ஏற்றத்தில் சீக்கிரம் இறங்கிவிடும். அப்புறம் எஞ்சின் உச்சத்தில் நின்று கத்திக்கொண்டே இருக்கும், காரின் வேகத்துக்கும் அந்தச் சத்தத்துக்கும் சம்பந்தமே இருக்காது. கை கியரில் இரண்டாவதா மூன்றாவதா என்று நான் முடிவு செய்கிறேன். அந்தப் பிடிமானம் எனக்கு முக்கியம்.

பின்சீட்டு:
சத்தம் வரும், அதை மறைக்கவில்லை. ஆனால் ஏற்றத்தில் எடைக் கணக்கையும் போடுங்கள். மூன்று பெரியவர்கள், இரண்டு பிள்ளைகள், பைகள் எல்லாம் சேர்ந்து 300 கிலோ வரும். 950 கிலோ காருக்கு அது கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்குச் சுமை, 1230 கிலோ காருக்கு நான்கில் ஒரு பங்கு. ஸ்விஃப்ட் எஞ்சின் 82 குதிரைத்திறன், 112 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை (சுழற்றும் பலம்), அதுவும் எஞ்சினை நன்றாகச் சுழற்றினால்தான் கிடைக்கும். ஜாஸின் மோட்டார் 2020இல் வந்தபோதே 109 குதிரைத்திறன், நின்ற இடத்திலிருந்தே 253 நியூட்டன் மீட்டர். தனியாக ஓட்டும்போது ஸ்விஃப்ட் துள்ளும், உண்மை. நீங்கள் சொல்லும் எடை குறைவின் லாபத்தை, ஐந்து பேர் ஏறி உட்கார்ந்தால் அவர்களே ஒரு பங்கு எடுத்துக்கொள்கிறார்கள்.

பாதுகாப்பைப் பற்றி யாரும் பேசவில்லையே. ஐரோப்பாவில் புதிய கார்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் யூரோ என்கேப் அமைப்பின் மோதல் சோதனையில் இந்த ஜாஸ் 2020இல் 5 நட்சத்திரம், இந்த ஸ்விஃப்ட் 2024இல் 3 நட்சத்திரம். பின்சீட்டில் அவர்கள் உட்கார வைக்கும் பொம்மைகள் ஆறு வயது, பத்து வயதுப் பிள்ளைகளின் அளவு. கூழாங்கல்லின் பிள்ளைகளுக்கு ஆறும் ஒன்பதும்.

கைகியர்:
2020ஐயும் 2024ஐயும் ஒப்பிடுவது நியாயமில்லை. இடையில் விதிகள் இறுகிவிட்டன. நட்சத்திரம் குறைய எச்சரிக்கைக் கருவிகளும் ஒரு காரணம், காரின் கூடு மட்டுமல்ல.

பின்சீட்டு:
விதிகள் இறுகியது உண்மை, அதனால் எண்ணுக்கு எண் ஒப்பிட வேண்டாம். ஆனால் எதிரே வரும் 1400 கிலோ வண்டியோடு மோதவிடும் அந்தக் கடினமான முன்மோதல் சோதனை 2020லேயே வந்துவிட்டது, ஜாஸ் அதையும் பார்த்துத்தான் ஐந்து வாங்கியது. முன்சீட்டு இரண்டுக்கும் நடுவே விரியும் காற்றுப்பையும் அதில் உண்டு. இந்த இடத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஓட்டும் சுகத்துக்காக மதிப்பெண் குறைக்கலாம், பிள்ளைகள் உட்காரும் இடத்தில் குறைக்க மனம் வரவில்லை.

சாவிக்கொத்து:
இருபது வருடமாகப் பட்டறையில் இருக்கிறேன், இரண்டு தரப்புக்கும் ஒரு வார்த்தை. நெரிசலில் தினம் ஓடும் கை கியர் வண்டிக்கு முதலில் தேய்வது கிளட்ச், அப்புறம் பிரேக் பேட். ஜாஸில் காலால் மிதிக்கும் கிளட்ச் கிடையாது, படிப்படியாக மாறும் கியர் பெட்டியும் கிடையாது. வேகத்தைக் குறைக்கும்போது மோட்டாரே இழுத்துப் பிடித்து மின்சாரமாக்குவதால் பேட் நாள்பட வரும். ஆனால் பிரேக்குக்கு வேலை குறைவு என்பதற்காகப் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள், ஈரத்தில் டிஸ்க் துருப்பிடிக்கும், சர்வீஸில் கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்ல வேண்டும். இன்னொன்று, ஹைப்ரிட்டிலும் சாதாரண 12 வோல்ட் பேட்டரி ஒன்று உண்டு. அது இறங்கினால் பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும் கார் எழாது. வாரக்கணக்கில் நிறுத்திவைக்கும் ஆள் என்றால் இது தொல்லை. தினம் ஓட்டுகிற உங்களுக்கு இல்லை.

ஸ்விஃப்ட்டின் பெரிய பலம், எந்த மெக்கானிக்கும் கை வைக்கலாம். ஹைப்ரிட்டுக்கு அதன் உயர் மின்னழுத்தப் பகுதியைத் தொடப் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். உங்களுக்குக் கிட்டத்தில் அப்படி ஒரு சர்வீஸ் இடம் இருக்கிறதா, ஹைப்ரிட் பேட்டரிக்கு எத்தனை வருட உத்தரவாதம், இந்த இரண்டையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு பிறகு முன்பணம் கொடுங்கள்.

வாங்குவதற்கு முன் ஷோரூமுக்கு ஐந்து பேரும் போங்கள். பிள்ளைகளின் பூஸ்டர் இருக்கைகளையும் எடுத்துப் போங்கள். தம்பி, இதை யாரும் செய்வதில்லை. தனியாகப் போய் ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு வந்து ஐந்து பேருக்கான காரை முடிவு செய்கிறார்கள்.

கூழாங்கல்:
எல்லோருக்கும் நன்றி. சாவிக்கொத்து அண்ணன் சொன்னபடி நேற்று ஐந்து பேரும் போனோம். இரண்டு பூஸ்டரையும் பின்சீட்டின் ஓரங்களில் வைத்தால் நடுவில் பெரியவர் உட்காருவது இரண்டு காரிலும் நெருக்கம்தான். அகலமான கார் ஸ்விஃப்ட், அளவில் 1735 மி.மீ., ஜாஸ் 1694 என்று படித்துவிட்டுப் போனேன். உள்ளே மனைவி உட்கார்ந்தபோது அந்த 4 செ.மீ. எங்கே போனது என்று தெரியவில்லை. காலுக்கு இடம் ஜாஸில் கூட. பெட்ரோல் டேங்கை முன்சீட்டுக்கு அடியில் வைத்திருப்பதால், பின்சீட்டின் உட்காரும் பகுதியை சினிமாக் கொட்டகை நாற்காலி மாதிரி மேலே தூக்கி நிறுத்தலாம். அம்மாவின் மடக்கு நடைச்சட்டத்தை அந்த இடத்தில் நிற்கவைத்துப் பார்த்தோம், அப்படியே நின்றது. டிக்கியைத் திறக்கவே வேண்டியதில்லை. நானும் அம்மாவும் மட்டும் மருத்துவரிடம் போகும் நாட்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று அங்கேதான் புரிந்தது. முன்சீட்டில் அம்மா இரண்டு காரிலும் ஏறி இறங்கினார். ஜாஸில் கைப்பிடியைத் தேடவில்லை, அது போதும் எனக்கு.

ஐந்து பேரோடு ஒரு மேம்பாலத்திலும் ஏற்றிப் பார்த்தேன். கைகியர் சொன்ன சத்தம் வந்தது. பிள்ளைகள் பேசிக்கொண்டே இருந்தார்கள், அவர்களுக்கு அது கேட்டதாகவே தெரியவில்லை. எனக்குக் கேட்டது. ஸ்விஃப்ட்டின் கியர் கைக்குள் விழுந்த அந்த உணர்வு ஜாஸில் இல்லை, அதை நினைத்து இன்னும் வருத்தமாகத்தான் இருக்கிறது.

ஜாஸ் எடுக்கிறோம். உத்தரவாத விவரத்தை எழுத்தில் கேட்டிருக்கிறேன். ஒரே ஒரு சந்தேகம், நான் பார்த்த காரில் ஸ்டெப்னி இல்லை, பஞ்சர் ஒட்டும் மருந்தும் காற்றடிக்கும் கருவியும்தான் இருந்தன. மலைப்பாதைக்கு அது போதுமா?

கைகியர்:
ஐந்து பேரையும் ஏற்றிப் பார்த்துவிட்டு எடுத்த முடிவு, மறுத்துப் பேச எனக்கு ஒன்றும் இல்லை. வாழ்த்துகள். விலைக் கணக்கில் மட்டும் நான் சொன்னதுதான், பெட்ரோலில் அந்தக் காசு சீக்கிரம் திரும்பி வராது. நீங்கள் கொடுப்பது அந்தப் பின்சீட்டுக்கும் பாதுகாப்புக்கும்.

சாவிக்கொத்து:
அந்த மருந்து ஆணி குத்திய சின்ன ஓட்டைக்குத்தான். டயரின் பக்கவாட்டில் கிழிந்தால் பயன்படாது. மலைப்பாதைக்கு அளவு பொருந்தும் ஒரு சின்ன ஸ்டெப்னி, ஜாக்கி, ஸ்பேனர் வாங்கி வையுங்கள். டிக்கியில் கொஞ்சம் இடம் போகும், போகட்டும். மருந்துப் புட்டிக்குக் காலாவதி தேதி உண்டு, அதையும் பாருங்கள் தம்பி.